ஷேக்ஸ்பியர் வீட்டு ‘ஈட்டி’ சின்னம்... வாரிசு யார்?

இங்கிலாந்தின் கிஃப்ட் கடைகளில் ‘ஸ்மித்’, ‘டெய்லர்’ எனக் குடும்பப் பெயர் வாரியாகச் சின்னம் அச்சிட்ட கப், சாவிக்கொத்து எல்லாம் கிடைக்கும். ஆசையாக வாங்கிப் போகிறவர்கள் நிறைய. ஆனால், அந்நாட்டு முறைப்படி பெயருக்கென்று சின்னமே கிடையாது! 1484-ல் தொடங்கிய ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ தனிநபருக்குத்தான் அதை வழங்கும். பிறகு அது ஆண்வழியில் இறங்கும்.

கையுறை தைத்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியருக்கு முதல் முயற்சியில் சின்னம் கிடைக்கவில்லை. 1596 அக்டோபரில்தான் கைகூடியது. தங்க நிறக் கேடயம், சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் ஈட்டி. பெயரில் இருக்கும் ‘ஸ்பியர்’தான் அது! உச்சியில் நிற்கும் வல்லூறின் காலிலும் ஓர் ஈட்டி. குறும்புதான்.

‘நடிகருக்கெல்லாம் சின்னமா?’ என்ற ரீதியில், 1602-ல் அதே அமைப்பின் அதிகாரி ரால்ஃப் புரூக் ஆட்சேபம் கிளப்பினார். ஜான் ஊர்ப் பொறுப்பில் இருந்தவர் என்று பதில் சொல்லிச் சமாளித்தார்கள்.

சின்னம் தப்பியது, சுமக்கத்தான் ஆளில்லை. வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட், அது கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, 11 வயதில் இறந்துபோயிருந்தான். தம்பிகள் மூவர் வழியிலும் ஆண் வாரிசு தொடரவில்லை. 1616-ல் வில்லியமும் மறைந்தார். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில், அவருடைய நினைவிடத்தின் மேல் அந்த ஈட்டியை இன்றும் பார்க்கலாம்.