பற்சக்கரக் கணக்கும் உழவு வாடகையும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ம் வருஷத்தில் கால்நடைப் பண்ணை ஏற்பட்டது. இப்பிரதேசத்தின் உழவு நெடுங்காலம் எருதுகளையே நம்பியிருந்தது. 1980-ல் அசோக் லேலண்டு மோட்டார் தொழிற்சாலை ஓசூருக்கு வந்தது. பிற ஆலைகளும் பெருகின. இன்று கேழ்வரகுப் புன்செய்களிலும் வாடகை டிராக்டர் சுழல் கலப்பையுடன் இறங்குகிறது. வாடகை மணிக்கணக்கில் கொடுக்கப்படுமாயின், பற்சக்கரங்களின் கணக்கை மிராசுதாரர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

விதி எளிது. 15 பற்களுள்ள சக்கரம் 45 பற்களுள்ள சக்கரத்தை ஓட்டினால், சிறியது மூன்று முறை சுற்றுங்கால் பெரியது ஒரு முறையே சுற்றும். வேகம் மூன்றில் ஒன்றாகும். திருகு பலமோ, உராய்வில் போவது நீங்கலாக, மும்மடங்காகும்.

டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுற்றுவது வழக்கம். மேற்கண்ட விகிதப்படி கலப்பையின் கத்தித் தண்டு 180 சுற்றுச் சுற்றும். பின்சக்கரத்தின் விட்டம் 1.4 மீட்டரானால் சுற்றளவு 4.4 மீட்டர். ஒரு கியரில் அச்சக்கரம் நிமிஷத்திற்கு 10 முறை சுற்றினால் டிராக்டர் 44 மீட்டர் செல்லும். அடுத்த கியரில் 15 முறை சுற்றினால் 66 மீட்டர் செல்லும். ஒரு சுற்றில் மூன்று கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுமாயின், வெட்டின் நீளம் முன்னதில் சுமார் 8 செ.மீ.; பின்னதில் சுமார் 12 செ.மீ. கலப்பையின் அகலம் 1.5 மீட்டராயின், திரும்பும் நேரம் நீங்கலாக, ஏக்கருக்கு முன்னதில் 61 நிமிஷமும் பின்னதில் 41 நிமிஷமும் ஆகும்.

ஈண்டுக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கத்தியும் சக்கரமும் ஒரே எஞ்சினால் ஓடுகின்றன. ஆகையால் எஞ்சினை முடுக்கினால் இரண்டும் ஒருங்கே விரையுமேயன்றி, வெட்டின் நீளம் மாறாது. அதை மாற்றுவது கியர் ஒன்றே.

மண்ணை மாவாக்குவது நல்லுழவென்று எண்ணலாகாது. செம்மண் மிகப் பொடியானால் மழைக்குப்பின் மேற்பரப்பு இறுகி, முளை வெளிவருவது கடினமாகும்; நீரும் உட்புகாமல் ஓடிவிடும். ஆதலின் ஒரு நிமிஷத்தில் டிராக்டர் செல்லும் தூரத்தைக் கயிற்றால் அளந்து, மண்ணின் நிலைமையையும் பார்த்து, தகுந்த கியரைக் குறிப்பிடுவது நலம். சுழலும் தண்டின் அருகே எவரும் செல்லலாகாது. கிராம அதிகாரிகள் இக்கணக்கைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், வாடகைப் பணமும் மண்ணும் ஒருங்கே காக்கப்படும்.