பள்ளிக்கு இலவசப் பயணம்: யாருக்கு, எதில், எதுவரை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நன்னிலம் பேரூராட்சியோ சுற்றியுள்ள ஊராட்சிகளோ பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ் விடுவதில்லை, பாஸும் கொடுப்பதில்லை. பாஸ் கொடுப்பது அரசுப் போக்குவரத்துக் கழகம், நம் பக்கத்துக்கு அதன் கும்பகோணம் கோட்டம். ஆனால் அதற்காகப் பெற்றோர் கும்பகோணத்துக்கு அலைய வேண்டாம். எல்லாம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ 1 முதல் 12 வரை எந்த வகுப்பில் படித்தாலும் இலவச பஸ் பாஸ் உண்டு. வருமானச் சான்று கேட்பதில்லை, சாதிச் சான்று கேட்பதில்லை. அப்பாவுக்கு ஐந்து வேலி நிலம் இருந்தாலும், அவர் அந்த வயலில் கூலிக்கு நாற்றுப் பறிப்பவராக இருந்தாலும் பாஸ் ஒன்றுதான். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இத்தனை கிலோமீட்டர் இருந்தால்தான் பாஸ் என்ற கணக்கும் இல்லை. இங்கிலாந்தில் இது வேறு மாதிரி. அங்கே உள்ளூர் கவுன்சில்தான் பொறுப்பு. 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2 மைல், அதற்கு மேல் 16 வயது வரை 3 மைல் என்று அளந்து, அதைத் தாண்டினால் கவுன்சிலே வண்டிக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். நம் முறை தாராளமானது, ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: பாஸ் தருகிறார்கள், பஸ் வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாஸ் ஊர் சுற்றுவதற்கு அல்ல. வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்குப் பக்கத்து நிறுத்தம் வரைதான் செல்லும். அதனால் விவரம் எழுதிக் கொடுக்கும்போது நிறுத்தத்தின் பெயரில் கவனம் வேண்டும். வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் இருக்கும். தெருப் பெயரை எழுதினால் கண்டக்டருக்கு ஒன்றும் விளங்காது. பஸ் நிற்கும் இடத்துக்கு என்ன பெயரோ அதை எழுதுங்கள். சன்னாநல்லூரில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நடு ஆண்டில் வீடு மாறினால் பள்ளியில் தெரிவித்துப் பாஸை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்த உடனே பாஸ் கைக்கு வந்துவிடாது. அதுவரை சீருடையோ போன வருடத்துப் பாஸோ இருந்தால் அரசு பஸ்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வருகிறது. பழைய பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. மாணவிக்கும் அது பொருந்தும். ஆனால் டவுன் பஸ்ஸில் மட்டும். அதே சாலையில் திருவாரூருக்கோ மயிலாடுதுறைக்கோ போகும் புறநகர் பஸ்ஸில் அது செல்லாது. ஆகவே மகளுக்கும் பாஸ் வாங்கி வையுங்கள். தனியார் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் இந்த இலவசம் எதுவும் இல்லை.

பஸ்ஸே வராத ஊர் என்றால்? அங்கேதான் கல்வி உரிமைச் சட்டம் வருகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தச் சட்டத்தின் விதிகளின்படி 5-ஆம் வகுப்பு வரையான பிள்ளைக்கு நடக்கும் தொலைவில் 1 கிலோமீட்டருக்குள்ளும், 8-ஆம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் வாகன வசதி போன்ற ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்காக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்க இடமுண்டு. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ள உதவும் தொகை.

காவிரிப் படுகையில் வெறும் தூரத்தை வைத்துப் பேசினால் போதாது. எதிர்க்கரையில் பள்ளி கண்ணுக்குத் தெரியும். பாலமோ ஒரு சுற்றுக்கு அப்பால் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வரப்பும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனபின் குறுக்குப் பாதையைக் கணக்கில் எடுப்பது அநியாயம். வெள்ள அபாயம், சாலை இல்லாமை, வழியில் பிள்ளைக்கு ஆபத்து ஆகிய காரணங்களுக்காக தூர வரம்பைக் குறைக்கலாம் என்று 2010-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. வாகன வசதி கேட்டு மனு எழுதும்போது தூரத்தை மட்டும் எழுதாமல் ஆறு, வாய்க்கால், பாலம், மழைக்காலத்தில் பிள்ளை போகும் வழி எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயணப்படியும், துணைக்கு வருபவருக்குத் தனிப் படியும் உண்டு. தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புக்கு இலவச சைக்கிள் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி என்ன பக்கத்திலா இருக்கிறது? இரண்டு வருடம் முன்னாலேயே கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம். காலை பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் முதல் பாடவேளை போச்சு. அதை விட்டால் அடுத்தது எப்போதோ என்பதால் பையன்கள் புத்தகப் பையோடு படிக்கட்டில் தொங்குகிறார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாலைச் சிறப்பு வகுப்பு முடியும்போது பஸ் போய்விட்டிருக்கும். இதற்குத் தனியாள் மனு அவ்வளவாகப் பலிக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். எந்த நிறுத்தத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்கு பஸ் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டு, தலைமையாசிரியரின் கடிதத்தோடு அந்த வழித்தடத்தின் பணிமனை கிளை மேலாளரிடம் கொடுங்கள். ஊராட்சியாக இருந்தால் கிராம சபையிலும் அதே தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். பதில் வராவிட்டால் திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் நகலோடு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.