ஒரு நாற்காலி போதுமா?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், சூதாட்ட மேசைகளுக்குப் பேர்போன ரீனோ பகுதியில், ஆண்டுதோறும் கட்டுமான மேலாண்மை மாணவர்கள் கூடுகிறார்கள். சீட்டாட அல்ல, ஒரு போட்டிக்காக. விடியற்காலையில் ஒவ்வொரு குழுவின் கையிலும் ஒரு கட்டு வரைபடமும் டெண்டர் ஆவணங்களும் வந்து சேரும். இரவுக்குள் எஸ்டிமேட், கால அட்டவணை, பாதுகாப்புத் திட்டம் எல்லாம் முடித்தாக வேண்டும். பாதி வேலையில் திருத்தம் ஒன்று வந்து விழும். போட்ட கணக்கை மறுபடி போட வேண்டியதுதான். பிறகு, தூக்கம் கெட்ட கண்களும் கழுத்தில் டையுமாக நடுவர்கள் முன் நின்று, சொன்ன விலைக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

நடுவர்கள் பேராசிரியர்கள் அல்லர், கட்டுமான நிறுவனத்துக்காரர்கள். கொடுத்த வேலையும் பெரும்பாலும் அவர்களே கட்டிய ஒன்றாகத்தான் இருக்கும். கிரேனை எங்கே நிறுத்துவாய் என்று அவர்கள் கேட்டால், மழுப்ப முடியாது.

போட்டியை நடத்துவது 1965-ல் தொடங்கிய கட்டுமானக் கல்விக்கூடங்களின் சங்கம். தொழில்துறை இப்படி வகுப்புக்குள் வருவது அங்கே நல்லெண்ணத்தால் மட்டும் நடப்பதில்லை. 1974-ல் அமைந்த அமெரிக்கக் கட்டுமானக் கல்விக் கவுன்சில், அங்கீகாரம் கேட்டு வரும் துறைகளிடம் தொழில்துறை ஆலோசனைக் குழு இருக்கிறதா என்று பார்க்கிறது. மாணவர்களுக்கு நாளை வேலை கொடுக்கக்கூடியவர்கள் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும்.

அந்தக் கூட்டங்களில் பாடத்திட்டம் அலசப்படும், கோடைக்காலப் பயிற்சிக்கு இடம் பிடிக்கப்படும், உதவித்தொகைக்குப் பணமும் திரளும். பணத்தைவிடப் பெரிய வரவு, சைட்டிலிருந்து வரும் காகிதம் என்பேன். பீமை டிசைன் செய்யத் தெரிந்த பட்டதாரி, சைட்டில் முதல் வாரமே திணறுவது வேறு இடத்தில். சென்ட்ரிங் எத்தனை செட் வேண்டும், எந்த நாளில் பிரிக்கலாம், மேல் தளத்துக்கு எப்போது நகர்த்தலாம் என்று மேஸ்திரி கேட்கும்போது, பதில் தெரியாமல் போனைத் தடவுகிறார். ஒரு தளத்தின் சுழற்சி இரண்டு நாள் தள்ளினால் பத்து மாடிக்கு இருபது நாள். இந்தக் கணக்கைப் புத்தகத்திலும் போடலாம். ஆனால் அது ஏன் தள்ளியது என்பது சைட் டைரியில்தான் இருக்கும்.

ஆபத்தும் உண்டு. நிறுவனங்கள் கேட்பது பெரும்பாலும் அடுத்த மாதத்துக்கான ஆளை. பிரைமவேரா தெரியுமா, பி.ஐ.எம். தெரியுமா என்பார்கள். மென்பொருள் மாறிவிடும், மாணவர் முப்பது, நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருக்கப் போகிறவர். ஆகவே துறைத்தலைவருக்குக் கேட்கும் காதும் வேண்டும், மறுக்கும் முதுகெலும்பும் வேண்டும். இன்னொன்று: வேலை கொடுப்பவர்களைக் கொண்ட குழுவில் கம்பி கட்டுகிறவரின் குரலை எங்கே தேடுவது?

நம் நாட்டில் தொழில்துறையே கல்வியில் இறங்கிய கதைகள் உண்டு. 1983-ல் தொடங்கிய நிக்மார் என்ற கட்டுமான மேலாண்மைக் கல்வி நிறுவனம், கட்டுமான நிறுவனங்களின் முயற்சியில் பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் எல் அண்ட் டி தன் உதவித்தொகையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, எம்.டெக். படிக்க வைத்து, தானே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு நிறுவனம் தனக்கு ஆள் தயாரிப்பதும், ஒரு துறைக்குப் பலர் கூடி யோசனை சொல்வதும் ஒன்றல்ல.

சாதாரணத் தன்னாட்சிக் கல்லூரிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைக்கு உள்ள இடம் ஒன்று. அந்த ஒருவர் வருவார், பொன்னாடை போர்த்தப்படும், மதியச் சாப்பாட்டுக்குள் கையெழுத்து ஆகிவிடும்.

அவர் அடுத்த முறை வரும்போது ஓர் ஆர்.ஏ. பில்லை, அதாவது வேலை நடக்க நடக்கப் பணம் கேட்டுப் போடும் பில்லை, எடுத்து வரலாம். முடித்த வேலைக்குக் கேட்ட தொகை, பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகை, இடையில் பறந்த கடிதங்கள். வேலை கொடுத்தவர் பெயரை அடித்துவிட்டே தரட்டும். ஒரு செமஸ்டர் பாடம் நடத்த அது தாங்கும்.