பண்டமாற்று யாருக்கும் யாருக்கும் இடையே? தாமிரபரணிப் பாசனப் பகுதியை முன்வைத்து

தற்சார்பு வாழ்க்கை, இயற்கை வேளாண்மை பற்றிப் பேசும் மேடைகளில் பண்டமாற்று இன்று மீண்டும் போற்றப்படுகிறது. வீட்டுத் தோட்டத்தில் காய்த்ததை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து, அவர்களிடம் உள்ளதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் திரும்ப வரவேண்டும் என்கிறார்கள். பணம் புழங்கத் தொடங்கிய பிறகே கிராமத்தின் ஒற்றுமை குலைந்தது என்றும், அதற்கு முன் எல்லாரும் கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்தார்கள் என்றும் கூறுகிறார்கள். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் சேரியும் இருந்ததா என்பதே நம் கேள்வி.

பழைய திருநெல்வேலி மாவட்டம் பண்டமாற்றுக்கு ஏற்ற நிலப்பரப்பு. தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் இடங்களில் காரும் பிசானமும் விளைந்தன. புன்செய்ப் பகுதியில் பருத்தியும் கம்பும் விளைந்தன. கிழக்கே தேரிக்காட்டில் பனையும் கருப்பட்டியும், கடற்கரையில் உப்பும் கருவாடும் கிடைத்தன. வரலாற்றாசிரியர் டேவிட் லட்டன் 1985இல் வெளிவந்த தமது நூலில், இம்மாவட்டத்தை நன்செய், புன்செய், இரண்டும் கலந்த பகுதி என மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். ஒரு பகுதியில் இல்லாதது மற்றொரு பகுதியில் இருந்ததால், நெல்லைக் கொடுத்து உப்பும் கருவாடும் கருப்பட்டியும் வாங்குவது இயல்பாக நடந்தது. நெல்லே நாணயமாகப் பயன்பட்டது.

அந்த நெல் யார் கையில் இருந்தது? கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்களின் பாசன நிலங்களில் பெரும்பகுதி கோயில்கள், மடங்கள், பிராமணர், வேளாளர் ஆகியோரின் உடைமையாக இருந்தது. நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் அடித்துத் தூற்றியவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர் சமூகத்தினர். அவர்களுக்குக் கூலியாக நெல் அளக்கப்பட்டது. அந்தக் கூலி நெல்லைக் கொண்டே அவர்கள் உப்பும் மிளகாயும் வாங்கினார்கள். ஆகவே, சேரிக்குப் பண்டமாற்று என்பது களத்து மேட்டில், மரக்காலைப் பிடித்திருந்தவர் முன்னால் தொடங்கியது. மரக்கால் யாருடையது, அதைத் தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உழைத்தவருக்கு இல்லை.

அளவைப் பற்றிய இந்தப் பூசல் எவ்வளவு கொடியதாக மாற முடியும் என்பதைக் காவிரிப் பாசனப் பகுதி நமக்குக் காட்டியது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு முன்னால் நடந்த போராட்டம், அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டமே. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இலேயே கூலியைப் பணமாகத் தரவேண்டும் என்று வகுத்திருந்தது. பொருளாகத் தரும் வழக்கம் உள்ள இடங்களில் அரசு அதனை அனுமதிக்கலாம். ஆனால் அப்பொருளின் பண மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்றது. கூலி பணமாவது தலித் தொழிலாளிக்கு ஏன் விடுதலையின் ஒரு படியாக இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். பணத்தை எண்ணிப் பார்க்கலாம். வேறு ஊர்க் கடையில் கொடுக்கலாம். கொடுத்தவரின் தயவை அது நினைவூட்டாது.

வீட்டுப் பொருள்களின் கதையும் இதுவே. பறையடித்தல், சாவுச் செய்தி சொல்லப் போதல், செத்த மாட்டை அகற்றுதல் ஆகிய வேலைகளுக்கு ஈடாக நெற்கதிர்க் கட்டும், பழஞ்சோறும், உடுத்திக் கழித்த துணியும் தரப்பட்டன. இதனையும் சிலர் 'பரிமாற்றம்' என்றே எழுதுகிறார்கள். ஆனால் இதில் ஒரு தரப்பு வேலையை மறுக்க முடியாது. சோறு ஊரிலிருந்து சேரிக்குப் போகும். சேரியில் சமைத்தது ஊருக்குள் போகாது. விளைபொருளுக்கும் இத்தடை நீண்டது. தமிழ்நாடு உள்ளிட்ட 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த 'இந்தியக் கிராமங்களில் தீண்டாமை' என்ற ஆய்வு, ஏறத்தாழப் பாதிக் கிராமங்களில் தலித்துகள் பால் விற்பது தடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. வயலில் அவர்கள் அறுத்த நெல் தீட்டாகவில்லை; அவர்கள் வீட்டு மாடு கறந்த பால் மட்டும் தீட்டாயிற்று.

கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதே ஒரு தண்டனையாகவும் பயன்பட்டது. அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த பம்பாய் மாகாணத்து ஸ்டார்ட் குழு, 1930இல் அளித்த அறிக்கையில் இதனை விளக்கியது. உரிமை கேட்கும் தீண்டப்படாதோருக்கு வேலை மறுக்கப்படும், பாதை அடைக்கப்படும், கடைக்காரர் பொருள் தரமாட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும், 2022 செப்டம்பரில், திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் மறுக்கப்பட்ட காணொளியை நாடே பார்த்தது. அக்குழந்தைகள் பணத்தோடுதான் கடைக்குப் போனார்கள். பணம் இருந்தும் மறுக்க முடிகிற ஊரில், பணமில்லாப் பரிமாற்றம் யாருடைய விருப்பத்தின்படி நடக்கும்?

இங்கே சட்டம் சொல்வதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாக்கியது. வியாபாரம் செய்ய மறுப்பது, கூலிக்கு அழைக்க மறுப்பது, வழக்கமான முறையில் செய்வதைச் செய்ய மறுப்பது ஆகியவை பொருளாதாரப் புறக்கணிப்புக்குள் அடங்கும். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. பாஞ்சாகுளத்தில் கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது, கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்டோர் 6 மாதம் ஊருக்குள் நுழையவும் நீதிமன்றம் தடை விதித்தது.

இவற்றால் பண்டமாற்றையே நாம் வெறுத்து ஒதுக்க வேண்டும் என்பதில்லை. சேரிக்குள் அது வேறு பொருளில் வாழ்கிறது. "மதினி, ஒரு உழக்கு அரிசி இருக்கா?" என்று கேட்டு வாங்கியதை இரண்டு நாளில் திருப்பித் தருவதும், முருங்கைக்கீரைக்கு ஈடாக இரண்டு முட்டை வருவதும், ஆட்டுரலும் அண்டாவும் தெருவுக்கே பொதுவாவதும் பெண்கள் கட்டிக் காத்த ஏற்பாடுகள். கைமாற்றுக்கு வட்டி கிடையாது. வேலை நிறுத்தத்தின்போதும் புறக்கணிப்பின்போதும் அடுப்பு எரிவதற்கு இத்தகைய கைமாற்றே துணை நிற்கும்.

ஆகவே, இன்று பண்டமாற்றுச் சந்தை நடத்த விரும்புவோரிடம் நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இரு தரப்பினருக்கும் சொந்தமாக விளைவிக்க நிலமோ கொல்லையோ இருக்கிறதா? அளவையும் ஈட்டையும் இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்களா? வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் பாதிப்பு வராதா? பச்சைக் காய்கறி மட்டுமன்றி, சமைத்த குழம்பும் இரு திசையிலும் போகிறதா?

கல்லூரி மாணவர்கள் இக்கேள்விகளைத் தத்தம் ஊருக்கே எடுத்துச் செல்லலாம். சென்ற மாதம் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு என்ன பொருள் போனது, எது போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்தால், ஊரின் சாதி எல்லைகள் அப்பட்டியலிலேயே தெரிந்துவிடும். புறக்கணிப்பு வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்குச் செல்லும் நாளில், முன்பு வழக்கமாக நடந்த கொடுக்கல் வாங்கல் எது, அது எப்போது நின்றது என்பதை மெய்ப்பிக்கவும் அத்தகைய பதிவு உதவும்.