மொய் நோட்டில் இல்லாத சொந்தம்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாலவனத்தத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடுவதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில்தான் இந்தக் காய்ச்சல் உச்சத்துக்குப் போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு வாரம் வேண்டும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேரவில்லை. அதனால் எல்லாருக்கும் போட முடியாது, முந்தித் தேவைப்படுகிறவர்களைக் கணினிப் பதிவிலிருந்து பொறுக்கியாக வேண்டும்: கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள்.

முதலில் வயது. சுலபம் என்று தோன்றும். ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்களின் ஆதாரைப் பாருங்கள், பலருக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. மழை பொய்த்த வருஷம் பிறந்தேன் என்று சொன்னவருக்கு யாரோ குத்துமதிப்பாக எழுதிய தேதி அது. பிரிட்டனில் மார்ச் 31-க்குள் 65 நிறைகிறவரை அந்தப் பருவத்திலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அவ்வளவு கறாராகக் கோடு கிழித்தால் தகுதியுள்ள கிழவி வெளியே நிற்பாள்.

அடுத்தது நோய். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பதிவையே அப்படியே எடுத்துக்கொள்ளலாமே? கூடாது. ரத்தக்கொதிப்பு மட்டும் இருப்பவரைப் பல நாடுகள் இந்த ஊசிக்கான நோயாளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சரி, மாத்திரையை வைத்துப் பிடிப்போம், மெட்பார்மின் என்றால் சர்க்கரைதானே? சினைப்பை நீர்க்கட்டிக்காக அதைச் சாப்பிடும் கல்லூரிப் பெண்ணும் உள்ளே வந்துவிடுவாள். நோயின் பெயர், மாத்திரை, கடைசியாக வாங்கிய தேதி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடும்.

இவ்வளவும் செய்தபின் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டியலில் பெயர் இல்லையா, அவருக்கு நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பழைய மொய் நோட்டைப் புரட்டுவதுபோல்தான் இது. அதில் இருப்பது வந்து மொய் எழுதியவர்கள் பெயர். வராத தாய்மாமன் சொந்தம் இல்லாமல் போய்விடுவாரா? மருத்துவப் பதிவும் ஊரின் நோயை எழுதுவதில்லை, சுகாதார நிலையத்துக்கு வந்தவரின் நோயை எழுதுகிறது. அருப்புக்கோட்டை விசைத்தறியில் பஞ்சுத்தூசி குடித்து இளைப்போடு இருமுகிறவர், மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக்கொண்டு தறிக்குத் திரும்பிவிடுகிறார். அவர் கட்டம் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டத்துக்கு அர்த்தம் ‘இல்லை’ அல்ல, ‘யாரும் கேட்கவில்லை’.

ஆகவே கணினி தரும் பட்டியலோடு, அதில் வராதவர்களின் வீட்டு வரிசையையும் அச்செடுக்க வேண்டும் என்பேன். மாத்திரை கொண்டுபோகும் அக்காவே அந்த வாசல்களிலும் நின்று, “இளைப்பு உண்டாண்ணே? வேற எங்கயும் மாத்திரை வாங்குறீகளா? வீட்ல யாரும் மாசமா இருக்காங்களா?” என்று கேட்கலாம். கடைசிக் கேள்வியை மாதாமாதம் கேட்க வேண்டியிருக்கும். போன வருஷப் பட்டியலில் இருந்த கர்ப்பிணி இந்த வருஷம் கைக்குழந்தையோடு நிற்பாள்.