கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர், பென்னிகுயிக் கட்டிய அணையாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் 1895ஆம் ஆண்டு கிழக்கே திரும்பியது. அன்று முதல் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்நீரால் செழிக்கிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாயும் முல்லைப் பெரியாறே பல ஊர்களின் குடிநீரும் ஆகும். ஆற்று நீர் எட்டாத இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் துணை நிற்கின்றன. இவ்விரு வகை நீரிலும் கவனிக்க வேண்டியவை வெவ்வேறு.

கிருமிகள்

மழைக்காலத்தில் புதுவெள்ளம் கழிவுகளை அடித்துக்கொண்டு வருகிறது. குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடை நீரும் உள்ளே கசியும். வாந்தி பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை இவ்வாறே பரவுகின்றன. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஈ கிருமி, கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றுக்குக் கொதிக்க வைத்தலே எளிய காப்பு. நீர் தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். குழாய் நீரில் லேசான குளோரின் வாடை வீசினால் முகம் சுளிக்க வேண்டா. வழியில் கலக்கும் கிருமிகளிடமிருந்து அதுவே நம்மைக் காக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உப்புகள்

வயலுக்கு அளவுக்கு மிஞ்சி இடும் தழைச்சத்து உரமும், கழிவறைக் குழி, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் கசிவும் மண்ணில் இறங்கி, நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் சேர்கின்றன. இதற்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும். இது உடனடியாகச் சிகிச்சை பெற வேண்டிய நிலை. அவ்வயதில் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

புளோரைடும் இவ்வாறே கொதித்தலுக்கு மசியாதது. பல்லாண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் பல்லில் கறை படியும். எலும்பும் மூட்டும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இத்துன்பத்தை நெடுங்காலம் அனுபவித்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கு வந்ததற்கு இதுவே காரணம்.

பரிசோதனையே வழி

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் சோதித்தல் நலம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். அறிக்கையில் பார்க்க வேண்டியவை மூன்று:

• நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேற்படலாகாது.
• புளோரைடு: 1 மில்லி கிராமுக்குள் இருத்தல் நன்று, வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை.
• ஈ கோலி கிருமி: 100 மில்லி லிட்டர் நீரில் ஒன்றும் இருத்தல் கூடாது.

உப்புகள் மிகுந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைத் தேடுங்கள். இன்றேல் முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவியைப் பயன்படுத்துங்கள். புற ஊதாக் கதிர் மட்டும் உள்ள கருவி கிருமிகளைக் கொல்லும், உப்புகளை நீக்காது.

மருத்துவமனைக்கு எப்போது?

பேதி தொடங்கியவுடன் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டா. கண் குழிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தாமதியாமல் அழைத்து வாருங்கள். வரும்போது, வீட்டில் எந்த நீரைக் குடிக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள். நோயின் காரணத்தை அறிய அதுவும் உதவும்.