இருக்கிற ஒரு காலும் நோகும்போது

கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் அக்காவைப் பார்க்கப் போனேன். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். அவர் காட்டியதோ வலது குதிக்காலை.

"விடிய எழும்பி முதல் அடி வைக்கேக்க ஆணி ஏறின மாதிரி இருக்கு தம்பி. இதுவும் போனால் நான் என்ன செய்ய?"

எனக்கு அந்த நோ தெரியும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ரைல்ஸ் தரையில் வெறுங்காலோடு திரிந்து வாங்கியது. ஆனால் நான் மற்றக் காலில் பாரத்தைப் போட்டுச் சமாளித்தேன். அவருக்கு அது முடியாது.

குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலுக்கு அடியில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. பாரம் கூடினாலோ, கெண்டைக்கால் தசை இறுகினாலோ, எலும்போடு ஒட்டும் இடத்தில் அது நைந்துபோகும். இரவில் சுருங்கிக் கிடப்பது காலையில் சட்டென்று இழுபடுவதால்தான் முதல் அடி அப்படி வலிக்கிறது. எக்ஸ்ரேயில் 'முள்' தெரிந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். நோவே இல்லாதவர்களுக்கும் அந்த முள் இருப்பதுண்டு.

என்னைப் பார்த்த இயன்மருத்துவர் குதியைத் தொடவேயில்லை, முதலில் கெண்டைக்காலைத்தான் தடவினார். இறுகிய முடிச்சைக் கண்டுபிடித்து, தாங்கக்கூடிய அளவுக்குப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். அது இளகியதும் அடுத்த இடம். பிறகு உள்ளங்காலைக் குதியிலிருந்து விரல் பக்கமாக மெதுவாக நீவினார். பிரேசிலில் 60 பேரை வைத்துச் செய்து 2011 இல் வெளியான ஆய்வில், நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, அதோடு இந்த அழுத்தமும் பெற்றவர்களுக்கு நோ கூடுதலாகக் குறைந்தது. அது ஒரு மாதக் கணக்குத்தான். அற்புதம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எண்ணெய் போட்டு அலற அலற உருவுவது வேறு விஷயம். காலுக்குள் ஷெல் துண்டு இருப்பவர்கள், சலரோகத்தால் பாதம் மரத்தவர்கள், கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருப்பவர்கள் வைத்தியரிடம் காட்டாமல் எவரையும் அழுத்த விடக்கூடாது. அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவத்துக்குக் காசில்லை. வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் எழுதித் தர வேண்டும், வரிசைதான் நீளம்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கட்டிலை விட்டு இறங்குமுன் நோகிற காலை மற்றத் தொடைமேல் தூக்கி வைத்து, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு.

அக்கா இப்போது வலதுகாலை இடது தொடைமேல் வைத்து இதைச் செய்கிறார். பொய்க்காலின் உயரத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பொருந்தாவிட்டால் பாரமெல்லாம் நல்ல காலில்தான் விழும். அடுத்த கிளினிக் வரும் செவ்வாய்க்கிழமை, கூடப் போகிறேன்.